அடித்த இரும்பும் வார்த்த இரும்பும்: பென்சில்வேனியா ஜெர்மானியர் வீடுகளில்

பழம்பொருள் விற்கிற இணையக் கடைகளில் இப்படி ஒரு விளம்பரம் அடிக்கடி கண்ணில் படும்: "18ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் குடியேறிகள் கையால் அடித்த இரும்பு வேலைப்பாடு." கீழே பார்த்தால் பைபிள் காட்சி பொறித்த ஓர் அடுப்புத் தகட்டின் படம் இருக்கும். அந்தத் தகட்டை யாரும் அடிக்கவில்லை. அடிக்கவும் முடியாது, சம்மட்டியால் ஓங்கி ஒன்று போட்டால் இரண்டாக உடைந்துவிடும். அது அச்சில் ஊற்றி வார்த்தது.

குழப்பம் இதோடு முடிவதில்லை. கதவுக் கீலில் இருக்கும் துலிப் பூ சூனியத்தை விரட்டப் போட்டது என்பார்கள். பழைய இரும்பு என்றாலே கன்னங்கரேலென்று இருக்கும் என்றும் நினைப்பார்கள். இந்த வேலைப்பாடு எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டால் இவற்றில் பாதி தானாகவே தெளிந்துவிடும். இரும்பு எந்த வழியாக வந்ததோ, அதுதான் அதன் அழகையும் தீர்மானித்தது.

யார் இவர்கள், எப்படிப்பட்ட வீடு?

1683இல் இன்றைய அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஜெர்மன்டவுன் என்ற ஊர் உருவானது. ஜெர்மனியின் கிரெஃபெல்ட் பகுதியிலிருந்து வந்த 13 குடும்பங்கள் அதில் குடியேறின. பிறகு ரைன் ஆற்றங்கரைப் பலாட்டினேட், வூர்ட்டம்பர்க், சுவிட்சர்லாந்து என்று பல இடங்களிலிருந்தும் ஜெர்மன் பேசுவோர் வந்தார்கள். 1749க்கும் 1754க்கும் இடையே கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். லான்காஸ்டர், பெர்க்ஸ், லெபனான் என்று இன்று அழைக்கப்படும் பகுதிகளில் நிலம் வாங்கி உழுதார்கள். "பென்சில்வேனியா டச்சு" என்று சொல்லப்படுபவர்கள் இவர்கள்தான். பெயரைப் பார்த்து ஹாலந்துக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

இவர்கள் கட்டிய வீட்டின் அமைப்பு அக்கம்பக்கத்து ஆங்கிலேயர் வீட்டைப் போல இருக்காது. வாசற்கதவைத் திறந்தால் நேரே சமையலறை. வீட்டின் நடுவில் ஒரே ஒரு பெரிய புகைபோக்கி. அதன் ஒரு பக்கம் சமையலறையின் திறந்த அடுப்பு. மறுபக்கம் 'ஷ்டூப' என்கிற கூடம்: குடும்பம் உட்கார்ந்து சாப்பிட, ஜெபிக்க, குளிர்காலம் முழுக்கப் பொழுதைக் கழிக்க. அதற்குப் பின்னால் சின்னதாக ஒரு படுக்கையறை. லான்காஸ்டர் பகுதியில் 1719இல் கட்டப்பட்ட ஹான்ஸ் ஹெர் வீட்டில் இந்த அமைப்பை இன்றும் பார்க்கலாம்.

இந்த அமைப்பைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்புப் பக்கம் வரும்போது தேவைப்படும்.

இரும்பு என்றால் எல்லாம் ஒன்றல்ல

நம் சமையலறையிலேயே தொடங்கலாம். கனமான வார்ப்புத் தோசைக்கல்லைக் கைதவறிக் கல்தரையில் போட்டால் விரிசல் விடும், சில சமயம் உடைந்தே போகும். கொல்லுப் பட்டறையில் அடித்து வாங்கிய நீளக் கரண்டி அப்படி உடையாது. வளையும், நாம் தட்டி நேராக்கிக்கொள்வோம். இரண்டும் இரும்புதான், ஆனால் உள்ளே இருக்கும் கரிமத்தின், அதாவது கார்பனின், அளவு வேறு.

உருகிய இரும்பை அச்சில் ஊற்றிச் செய்வது வார்ப்பிரும்பு. அதில் கரிமம் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். அந்தக் கரிமம்தான் அது உருகும் வெப்பத்தைச் சுமார் 1,150 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வரை இறக்கிவிடுகிறது. அதனால் எளிதில் உருகும், அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். ஆனால் அதே கரிமம் அதை நொறுங்கும் பொருளாகவும் ஆக்கிவிடுகிறது.

கரிமத்தை ஏறக்குறைய முழுவதும் எரித்து வெளியேற்றிவிட்டு, சம்மட்டியால் அடித்து உருவாக்குவது தேனிரும்பு. இதில் கரிமம் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. உருக வேண்டுமென்றால் 1,500 டிகிரி அளவுக்குப் போக வேண்டும், அக்காலக் கொல்லனின் உலையில் அது நடக்காது. ஆனால் உருகாமலேயே பழுக்கக் காய்ந்தால் போதும், நீட்டலாம், முறுக்கலாம், பிளக்கலாம், இரண்டு துண்டுகளை ஒட்டலாம். கசடு மெல்லிய நார் நாராக உள்ளே ஓடியிருப்பதால், துருப்பிடித்து அரித்துப்போன பழைய தேனிரும்பை உற்றுப் பார்த்தால் மரத்தின் ரேகைபோலத் தெரியும்.

இரண்டுக்கும் பிறப்பிடம் ஒன்றே: ஊதுலை. ஊதுலை என்பது தண்ணீர்ச் சக்கரத்தால் இயங்கும் துருத்தி கொண்டு காற்றை ஊதி, இரும்புத் தாதுவையும் மரக்கரியையும் சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்து எரிக்கும் உயரமான கல் உலை. பென்சில்வேனியாவில் கோல்புரூக்டேல், 1727இல் தொடங்கிய டர்ஹம், 1742இல் தொடங்கிய கார்ன்வால் என்று இவை பெருகின. ஓர் உலைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் காட்டின் மரம் கரியாகத் தேவைப்பட்டது என்று கணக்குச் சொல்வார்கள். தாது, காடு, ஓடை மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்ததால்தான் அந்த நாட்டுப்புறத்தில் இரும்புத் தொழில் காலூன்றியது.

உலையின் அடியிலிருந்து வழியும் இரும்புக்கு இரண்டு வழிகள். ஒன்று, அங்கேயே மணல் அச்சில் ஊற்றி அடுப்புத் தகடாகவோ பானையாகவோ ஆக்கிவிடுவது. இன்னொன்று, கட்டிகளாக உறையவிட்டு, வேறொரு பட்டறையில் மறுபடி காய்ச்சிக் கரிமத்தை எரித்து, தண்ணீரால் இயங்கும் பெரிய சம்மட்டியால் அடித்து நீளச் சட்டங்களாக்குவது. ஊர்க் கொல்லன் வாங்கியது இந்தச் சட்டங்களைத்தான்.

இதுவரை சொன்னதன் சாரம்: வார்ப்பிரும்பு ஊதுலையின் பொருள், ஊற்றியது, உடையும். தேனிரும்பு கொல்லனின் பொருள், அடித்தது, வளையும். ஜெர்மானியர் வீட்டில் முன்னது அடுப்பில் இருந்தது, பின்னது கதவுகளிலும் பெட்டிகளிலும் இருந்தது.

கொல்லன் போட்ட கீல்

கதவில் குறுக்காக நீண்டு கிடக்கும் பட்டைக் கீலை எடுத்துக்கொள்வோம். கதவுநிலையில் ஓர் இரும்பு முளை அடிக்கப்பட்டிருக்கும். கீலின் ஒரு முனையில் இருக்கும் வளையம் அந்த முளைமீது உட்காரும். கதவைத் தூக்கினால் கழன்று வந்துவிடும்.

இதைச் செய்ய, கொல்லன் சட்டத்தின் ஒரு முனையைப் பழுக்கக் காய்ச்சி ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, நுனியைப் பட்டையின் மேலேயே படியவைத்து அடித்து ஒட்டுவான். சூட்டிலேயே ஆணித் துளைகளைக் குத்துவான். பிறகு மீதிப் பட்டையை நீட்டிக்கொண்டே போவான். நீட்ட நீட்டப் பட்டை ஒடுங்கும். இங்கேதான் சிக்கல்: நுனி ஒடுங்கிப்போனால் கடைசி ஆணிக்குப் பிடிமானம் இருக்காது. ஆகவே நுனியைத் தட்டிப் பரப்பியாக வேண்டும். பரப்பியாகிவிட்டது, அதை வெறும் வட்டமாக விடுவானேன்? உளியால் இரண்டு வெட்டு, அரத்தால் நான்கு இழுப்பு. துலிப் மொட்டோ இதயமோ அவரை விதையோ அம்பு முனையோ ஆகிவிடும்.

செம்மறிக் கொம்புக் கீல் என்று ஒரு வகை உண்டு. இந்த வீடுகளின் இரும்பு என்றதும் படங்களில் முதலில் வருவது இதுதான். பட்டையின் நடுவை உளியால் பிளந்து, இரண்டு கிளைகளையும் தனித்தனியாகக் கூராக நீட்டி, கொம்புபோல வெளிப்பக்கம் சுருட்டிவிடுவார்கள். பார்ப்பதற்குப் பகட்டு. ஆனால் அந்தக் காலக் கதவு பல பலகைகளைச் சேர்த்துச் செய்தது. கொம்புகள் விரிந்து வெவ்வேறு பலகைகளில் ஆணியால் அறையப்படும்போது கதவின் பாரம் ஒரே வரியில் விழாமல் பரவுகிறது. பலகைகளும் விலகாமல் நிற்கின்றன. அழகும் வேலையும் ஒரே உளிவெட்டில் முடிந்துவிடுகின்றன.

இதனால்தான் தேனிரும்பு வேலைப்பாட்டில் கோடுதான் ராஜா. ஒடுங்குவது, சுருள்வது, கிளைப்பது, நுனியில் விரிவது: சம்மட்டிக்கு இயல்பாக வருவது இவைதான். முகங்களோ கதைக் காட்சிகளோ கீலில் கிடைக்காது.

அலமாரிக் கதவுகளில் எலிவால் கீல். கீலைத் தாங்கும் முளையின் கீழ்ப்பகுதி எலியின் வால்போல நெளிந்து இறங்கி ஒரு சின்னத் தகட்டில் முடியும். இந்த வாலும் ஒரு முட்டுதான், கதவின் கனத்தில் முளை கீழே சாயாமல் தாங்கிப் பிடிக்கும். பொருட்களை ஏற்றிச்சென்ற கானெஸ்டோகா வண்டியின் கருவிப்பெட்டி மூடியில்கூட இதே கைவேலை தொடர்ந்தது. பாதி மூடியை மறைக்கும் அளவுக்குக் கீல்கள், நுனிகளில் பூ. சேறும் தூசியும் தின்கிற வண்டிக்கு இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று தோன்றும். வண்டிக்காரனுக்கு அதுதான் பெருமை.

தாழ்ப்பாளும் வெள்ளி மினுக்கமும்

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது தாழ்ப்பாள். ஆங்கிலேயர் வீடுகளில் கட்டைவிரலால் அழுத்தித் திறக்கும் எளிய கொண்டி இருக்கும். ஜெர்மானியர் தாழ்ப்பாள் கதவின் உட்புறம் ஒரு தகட்டின்மேல் உட்காரும். நாக்கைத் தள்ளிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் வில், அதை இழுக்க ஒரு நெம்பு. தகட்டின் ஓரம் வெட்டி வளைக்கப்பட்டிருக்கும், வில்லின் நுனி சுருட்டப்பட்டிருக்கும். இயங்கும் பாகங்களை மூடி மறைக்காமல் அவற்றையே அலங்காரமாக்கியிருப்பதால், கைப்பிடியைத் திருப்பும்போது அந்த அலங்காரமே நகர்ந்து வேலை செய்வதைப் பார்க்கலாம்.

நிறத்துக்கு வருவோம். இன்று கடைகளில் விற்கும் நகல்களுக்கு மட்டமான கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கும். ஆனால் ஜெர்மானியர் கீல்களும் பூட்டுகளும் பல நேரம் உருகிய வெள்ளீயத்தில் முக்கி எடுக்கப்பட்டவை. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் ஒரு கிராமத்துப் பட்டறையிலும் இது நடக்கக்கூடிய வேலை. துருப்பிடிக்காது, மேலே வெள்ளிபோல் மினுங்கும். நீலமோ சிவப்போ பூசிய மரப்பெட்டியில் அந்த மினுக்கம் எப்படி எடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டரை நூற்றாண்டுத் தேய்மானத்தில் வெள்ளீயம் போய்விட்டது. அழுக்கேறிய மிச்சத்தைப் பார்த்துத்தான் நாம் "பழைய இரும்பு கறுப்பு" என்று முடிவுகட்டிவிட்டோம்.

சுருக்கமாக: கீல், தாழ்ப்பாள், வண்டிப்பெட்டி எல்லாம் கொல்லன் அடித்தவை. அலங்காரம் பெரும்பாலும் ஏதோ ஒரு தேவையிலிருந்து கிளைத்தது. நிறம் கறுப்பாகத்தான் இருந்தது என்பதில்லை.

சுவருக்குள் நுழைந்த அடுப்பு

இப்போது அந்த வீட்டமைப்புக்குத் திரும்புவோம். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர். அந்தச் சுவரில், சமையலறை அடுப்பின் பின்பக்கம், ஒரு சதுரத் துளை. துளைக்கு அந்தப் பக்கம், கூடத்துக்குள், ஓர் இரும்புப் பெட்டி நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே ஒரு தகடு, கீழே ஒன்று, பக்கங்களில் இரண்டு, முகப்பில் ஒன்று. ஆக ஐந்து. ஆறாவது பக்கம் திறந்தபடி சுவரின் துளையோடு பொருந்தியிருக்கும். ஐந்து தகட்டு அடுப்பு என்பது இதுதான்.

வேலை செய்யும் விதம் எளிது. சமையலறையிலிருந்தே தணலையும் விறகையும் துளை வழியாகப் பெட்டிக்குள் தள்ளுவார்கள். புகை அதே துளை வழியே திரும்பிச் சமையலறைப் புகைபோக்கிக்குப் போய்விடும். கூடத்தில் புகையும் கிடையாது, சாம்பலும் கிடையாது. நெருப்பும் கண்ணில் படாது, சூடு மட்டும் வரும். பனி கொட்டுகிற ஜனவரியில் கதகதப்பான, சுத்தமான ஓர் அறை.

ஆங்கிலேயர்களுக்கு இது விசித்திரமாகத் தெரிந்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தான் வடிவமைத்த கணப்பைப் பற்றி 1744இல் வெளியிட்ட சிறுநூலில் இந்த ஜெர்மன் அடுப்பையும் விவரித்திருக்கிறார்: ஒரு பக்கம் இல்லாத பெட்டி, ஐந்து இரும்புத் தகடுகள், விறகைப் பக்கத்து அறையிலிருந்து போடலாம். அவருடைய குறை, நெருப்பைப் பார்க்க முடியவில்லை, அறையின் காற்றும் மாறுவதில்லை, ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் இழுக்க வேண்டியிருக்கிறது என்பது. புகைபோக்கி வழியாகச் சூட்டில் பெரும்பகுதியை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஆங்கிலக் கணப்போடு ஒப்பிட்டால், ஜெர்மானியர் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

மணலில் பதிந்த படம்

கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் கண் முன்னால் எப்போதும் மூன்று தகடுகள்: முகப்பும் இரண்டு பக்கமும். நெருப்பு தெரியாததால் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது இந்தத் தகடுகளைத்தான். அதனால் அவற்றில் படம் வந்தது.

முதலில் மரச்செதுக்குக்காரர் ஒரு பலகையில் படத்தைப் புடைப்பாகச் செதுக்குவார். உலைக்கூடத்தின் தரையில் ஈர மணலைச் சமமாகப் பரப்பி, பலகையை முகம் கீழாக அழுத்தி எடுப்பார்கள். மணலில் படம் குழியாகப் பதிந்துவிடும். அதற்குள் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். மேலே மூடி கிடையாது. ஆறியதும் புரட்டினால் அடிப்பக்கத்தில் படம் தெளிவாக இருக்கும். காற்றுப் பட்டு உறைந்த மேற்பக்கம், அதாவது தகட்டின் முதுகு, கரடுமுரடாகக் கொப்புளம் விட்டிருக்கும். அடுப்பைப் பூட்டும்போது அந்த முதுகு உள்ளே போய்விடும்.

என்ன படங்கள்? முதலில் பைபிள் கதைகள். ஆதாமும் ஏவாளும். காயீன் தன் தம்பி ஆபேலைக் கொல்லும் காட்சி, 1741 என்று ஆண்டு பொறித்தது. யோசேப்பின் அங்கியைப் போத்திபாரின் மனைவி பிடித்திழுப்பது. பின்னர் வந்த பல தகடுகளில் ஒரு பொது அமைப்பைக் காணலாம்: முறுக்கிய தூண்களின்மேல் இரண்டு வளைவுகள், அவற்றுக்குள் இதயங்களும் துலிப் பூக்களும், நடுவில் ஒரு பட்டையில் வேத வசனம். அடிக்கடி வருவது 65ஆம் சங்கீதம்: கடவுளின் ஊற்றில் நீர் நிறைந்திருக்கிறது என்னும் வரி. நெருப்புப் பெட்டியின்மேல் நீரைப் பற்றிய வசனம்! வேண்டுமென்றே போட்டார்களோ என்னவோ, எனக்கு அது குறும்பாகவே படுகிறது.

உலை முதலாளிகளில் பலர் ஆங்கிலேயர்கள், வெல்ஷ்காரர்கள். வாங்குபவர்கள் ஜெர்மானியர்கள் என்பதால் படமும் எழுத்தும் அவர்களுக்கேற்றபடி அமைந்தன. எழுத்துக்கூட்டலில் மட்டும் கொஞ்சம் தாராளம். ஜெர்மானியர்களே முதலாளிகளாக இருந்த உலைகளும் உண்டு. 1750இல் வந்திறங்கிய ஹைன்ரிஷ் வில்ஹெல்ம் ஸ்டீகல், எலிசபெத் உலையின் சொந்தக்காரரின் மகளை மணந்து, பின்பு அந்த உலையையே நடத்தினார். அவர் பெயர் பொறித்த அடுப்புத் தகடுகள் இன்றும் கிடைக்கின்றன. கண்ணாடித் தொழிலில் இறங்கி அதில் அவர் நொடித்துப்போனது தனிக்கதை.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். தகட்டில் இருக்கும் ஆண்டு, மரப்பலகையைச் செதுக்கிய ஆண்டு. ஒரே பலகையை வைத்து ஆண்டுக்கணக்கில் வார்த்தார்கள். மேரிலாந்தின் ஃபிரெடரிக் நகரில் புரூனர் குடும்பம் கட்டிய ஷிஃபர்ஷ்டாட் வீட்டின் அடுப்பில் 1756 என்று இருக்கிறது. நெடுநாள் வீட்டுக்கும் அதையே வயதாகச் சொல்லி வந்தார்கள். உத்திரங்களின் மரவளையங்களை எண்ணிப் பார்த்தபோது வீடு 1758இல் கட்டப்பட்டது என்று தெரிந்தது. அந்த அடுப்பு இன்னும் தன் பழைய இடத்திலேயே, சுவரிலேயே நிற்கிறது என்பதால் ஐந்து தகட்டு அடுப்பைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியவை: படமும் எழுத்தும் செதுக்குக்காரரின் பலகையிலிருந்து வந்தவை. மணல் அவற்றைப் பிடித்துக்கொண்டது, இரும்பு நிரப்பியது. ஆகவே ஒரே படம் பல வீடுகளில் இருக்கும். கொல்லன் அடித்த கீலோ ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது.

துலிப் பூவுக்கு என்ன அர்த்தம்?

மூன்று இதழ் என்றால் பிதா, சுதன், பரிசுத்த ஆவி. ஆறு முனை நட்சத்திரம் என்றால் சூனியத்துக்குக் காப்பு. சுற்றுலாக் கையேடுகளில் இப்படிச் சரளமாக எழுதுவார்கள். களஞ்சியச் சுவர்களில் பெரிய வண்ண நட்சத்திரங்களை வரைவது 19ஆம் நூற்றாண்டில் பெருகிய வழக்கம். அவற்றைச் சூனியத்தோடு முடிச்சுப்போட்ட பேச்சு 1920களில்தான் அச்சில் பிரபலமானது. அதையே 1750ஆம் ஆண்டுக் கீலுக்கும் பின்னோக்கி ஒட்டிவிட்டார்கள்.

துலிப் 16ஆம் நூற்றாண்டில் துருக்கியிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த பூ. வந்த வேகத்தில் ஜெர்மன் நாடுகளின் தையல், மண்பாண்டம், மரச்சாமான் எல்லாவற்றிலும் பூத்துவிட்டது. குடியேறிகள் அந்தப் பழக்கத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். பென்சில்வேனியாவில் அவர்கள் எழுதிய பிறப்புச் சான்றிதழ்களின் ஓரத்திலும், தட்டுகளிலும், சீர்ப்பெட்டிகளிலும் அதே பூ. பக்தி இல்லை என்று சொல்ல வரவில்லை, அடுப்பில் வசனமே இருக்கிறது. சமயம் பேச நினைத்த இடத்தில் எழுத்திலேயே பேசினார்கள். கீலின் நுனிப் பூவுக்கு, அழகாக இருக்கிறது என்பதே போதுமான காரணம்.

எங்கே போயின, எப்படிக் கண்டுபிடிப்பது?

1760களில் புகைக்குழாய் வைத்த ஆறு தகட்டு, பத்து தகட்டு அடுப்புகள் வந்தன. அறைக்குள்ளேயே கதவு, பத்து தகட்டில் ரொட்டி சுட ஓர் அடுக்கு. சுவரில் துளை தேவையில்லாமல் போனது. கழற்றிய பழைய தகடுகளை யாரும் வீணாக்கவில்லை. கணப்பின் தரையில் பாவினார்கள், பின்சுவரில் சாத்தினார்கள். டாய்ல்ஸ்டவுனைச் சேர்ந்த ஹென்றி மெர்சர் 1890களின் கடைசியில் இவற்றைத் தேடிச் சேகரிக்கத் தொடங்கி, 1914இல் பெரியதொரு நூலாக வெளியிட்டார். கான்கிரீட்டில் அவர் கட்டிய அருங்காட்சியகத்தில் அந்தத் தொகுப்பைக் காணலாம்.

கீல்களுக்கும் இதே கதி. 1775இல் இங்கிலாந்தில் வார்ப்பிரும்புக் கீலுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். கதவின் விளிம்புக்குள் ஒளிந்துகொள்ளும் சின்னக் கீல், விலையும் மலிவு. நீளப் பட்டைக் கீல்கள் முதலில் முன்கதவை விட்டுப் போயின, பிறகு களஞ்சியத்தில் மட்டும் மிஞ்சின.

வாங்குகிற எண்ணம் இருந்தால் பொருளைப் புரட்டிப் பாருங்கள். அடுப்புத் தகட்டின் முதுகு வழவழவென்று இருந்தால் சந்தேகப்படலாம், பழையது மேடுபள்ளமாகத்தான் இருக்கும். கீலாக இருந்தால் வளையத்திலிருந்து நுனிவரை விரலை ஓட்டுங்கள். அடித்த பட்டையின் கனம் போகப் போகக் குறையும், துளைகள் ஒன்றுபோல் இருக்காது. ஒரே கனத் தகட்டில் வெட்டி, சம்மட்டி பட்டதுபோலக் குழிகளை அச்சடித்துக் கறுப்புப் பெயின்ட் அடித்ததும் சந்தையில் உண்டு. அந்தக் காலக் கொல்லன் அடித்த தடம் தெரியாமல் தட்டிச் சமப்படுத்தத்தான் பாடுபட்டான். குழி குழியாக எடுப்பாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது புதுசு.